விட்டுப்போன காய்ச்சல் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தால்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மகனுக்கு ஆறு வயது. மூன்று வாரத்துக்கு முன் வீட்டில் எல்லோருக்கும் சளியும் காய்ச்சலும் வந்து போயின. அவனும் மூன்று நாளில் தேறிப் பள்ளிக்குப் போனான். இப்போது நான்கு நாளாக மறுபடி 103 டிகிரி. கண் சிவந்திருக்கிறது, வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி, நெஞ்சிலும் முதுகிலும் செந்தடிப்பு. பக்கத்துக் கிளினிக்கில் "வைரல்தான், இன்னும் ரெண்டு நாள் பாருங்க" என்றார்கள். மாமியார், "அம்மை போட்டிருக்கு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகாதே" என்கிறார். நீங்கள் செல்போனில் தேடி, கொரோனா வந்து போன பிறகு சில குழந்தைகளுக்கு வரும் "எம்ஐஎஸ்-சி" என்ற நோயின் பெயரைப் படித்துவிட்டீர்கள். அதற்கு ஸ்டீராய்டு கொடுப்பார்களாமே, பிள்ளைக்கு அது தாங்குமா என்று கேட்கிறீர்கள். கேள்வி ஸ்டீராய்டைப் பற்றி இருந்தாலும், இன்னும் ஒரு நாள் பார்க்கலாமா, இப்போதே கிளம்ப வேண்டுமா என்பதுதான் உங்கள் மனதில் ஓடுவது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்றே கிளம்புங்கள். குழந்தைகளுக்கான ஐசியூவும் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கும் வசதியும் உள்ள இடத்துக்குப் போங்கள். மீதியை ஆட்டோவிலோ காத்திருக்கும் இடத்திலோ படித்துக்கொள்ளலாம்.

சென்னையில் குழந்தை மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்க்கிறேன். ஆனாலும் உங்கள் பையனின் வயிற்றை நான் அமுக்கிப் பார்க்கவில்லை, நாடியைத் தொடவில்லை. அவனுக்கு இன்னதுதான் என்று இங்கிருந்து சொன்னால் அது வைத்தியம் ஆகாது. எந்த அடையாளங்களைப் பார்த்து நாங்கள் சந்தேகப்படுகிறோம், அதில் எதை உறுதியாகச் சொல்ல முடியும், எங்கே எங்களுக்கே தடுமாற்றம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கிளினிக்கில் சொன்னதைக் குறை சொல்ல மாட்டேன். நூறு குழந்தைகள் காய்ச்சலோடு வந்தால் பெரும்பாலோருக்கு அது வைரல்தான், தானாகவே போய்விடும். ஆனால் "வைரல்" என்ற முடிவுக்கு ஒரு கெடு உண்டு. மூன்றாம் நாள் அது நியாயமான ஊகம். ஐந்தாம் நாளும் காய்ச்சல் இறங்காவிட்டால் அந்த ஊகத்தைத் தூக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து யோசிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தக் கெடுகூட வேண்டியதில்லை. ஒரு காய்ச்சல் முழுதாக விட்டு, குழந்தை ஓடியாடி, இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் சளியோ இருமலோ இல்லாமல் கடுங்காய்ச்சல் திரும்புகிறது. கூடவே கண்ணும் தோலும் வயிறும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படுகின்றன. இந்தச் சேர்க்கையைக் கேட்டாலே எங்களில் யாரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவோம்.

முதல் காய்ச்சல் வைரஸ் செய்த வேலை. இரண்டாவது காய்ச்சலில் பல சமயம் வைரஸே இருக்காது. மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டுப் பரிசோதித்தாலும் ஒன்றும் வராது. வைரஸை விரட்ட எழுந்த எதிர்ப்பாற்றல் அடங்காமல் சொந்த உடம்பின் ரத்தக் குழாய்களையும் இதயத் தசையையும் குடலையும் வீங்க வைப்பதுதான் இங்கே நடப்பது. அதனால்தான் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் காய்ச்சல் அசையாது. கொரோனாவுக்குப் பிறகு வரும் இந்த எம்ஐஎஸ்-சி நிலையைப் பற்றி 2020 ஏப்ரல் கடைசியில் பிரிட்டனில் முதல் எச்சரிக்கை வந்தது. மே மாதமே உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. அந்த ஆண்டே சென்னையிலிருந்தும் ஒரு சிறுவனின் கதை இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் வெளியானது. ஒமிக்ரான் வந்த பிறகு இது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அறவே ஒழியவில்லை.

இதற்கு ஒரு மூத்த உறவு உண்டு. டோமிசாகு கவாசாகி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் 1961-ல் முதலில் கவனித்து, 1967-ல் விரிவாக எழுதிய கவாசாகி நோய். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு வரும். அதில் பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு அல்ல, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்களுக்கு. சிகிச்சையே கொடுக்காவிட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு அந்தக் குழாய்களில் புடைப்பு விழுகிறது. பத்து நாளுக்குள் சரியான மருந்து ஏறிவிட்டால் அது இருபதில் ஒன்று என்ற அளவுக்குக் குறைகிறது. நாள் கணக்கில் நாங்கள் இவ்வளவு கறாராக இருப்பது இதனால்தான். ஆறு வயதில் உங்கள் மகன் எம்ஐஎஸ்-சிக்கும் கவாசாகிக்கும் நடுவில் நிற்கிறான். எந்தப் பெயர் என்று முதல் நாளே பிரிக்க முடியாமலும் போகலாம். பிரித்தே ஆக வேண்டும் என்ற அவசரமும் இல்லை, ஏனென்றால் முதல் 24 மணி நேரத்தில் செய்ய வேண்டியது இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே.

கிளம்புவதற்கு முன் அவனை ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில் நிறுத்தி ஒருமுறை முழுதாகப் பாருங்கள். டாக்டரிடம் சொல்ல உதவும். இரண்டு கண்ணும் சிவந்து, ஆனால் பீளை தள்ளாமல் இருக்கிறதா? உதடு சிவந்து வெடித்திருக்கிறதா? நாக்கு மாவு படியாமல் செக்கச்செவேல் என்று சொரசொரப்பாக இருக்கிறதா? உள்ளங்கை, பாதம் தடித்துச் சிவந்திருக்கிறதா? கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் நெறி கட்டியிருக்கிறதா? பாடப்புத்தகப் படங்களில் இருப்பதெல்லாம் வெளுத்த தோல் குழந்தைகள். நம் பிள்ளைகளின் தோலில் செந்தடிப்பு அப்படிப் பளிச்சென்று தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, தடவினால் மட்டும் தட்டுப்படும் மேடாகவோ இருக்கும். குளிப்பாட்டுகிற கைக்குத்தான் அது முதலில் தெரியும். நம் ஊரில் இன்னொரு வசதி, பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசியின் தழும்பு. இடது தோளில் அந்தப் பழைய தழும்பு திடீரென்று சிவந்து தடித்திருந்தால் கவாசாகி என்ற சந்தேகம் நன்றாகவே வலுக்கும். குட்டிக் குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம் தெரியும். ஆறு வயதில் இல்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். விரல் நுனித் தோல் நகத்தடியிலிருந்து உரிவதைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அது இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வருவது. அதுவரை காத்திருந்தால் மருந்துக்கான காலம் கடந்துபோகும்.

எல்லா அடையாளமும் ஒரே நாளில் வரிசையில் வந்து நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை கண் சிவந்து புதன்கிழமை வெளுத்திருக்கும், வியாழக்கிழமை தடிப்பு தொடங்கும். எந்த நாளில் எது இருந்தது என்று ஒரு தாளில் எழுதி, தடிப்பையும் கண்ணையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கேஷுவாலிட்டியில் இருக்கும் இளம் டாக்டருக்கு அந்தத் தாள் பல பரிசோதனைகளுக்குச் சமம்.

வயிற்றுவலியைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். எம்ஐஎஸ்-சியில் வயிறுதான் முன்னால் வந்து நிற்கும். வலியும் வாந்தியும் பேதியும் பார்த்துவிட்டுக் குடல்வால் வீக்கம் என்று அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பப்பட்ட குழந்தைகள் உலகம் முழுக்க உண்டு. ஆனால் ஆளைக் கவிழ்ப்பது வயிறு அல்ல, இதயம். தசை தளர்ந்து பம்ப் செய்யும் வலு குறையும், பி.பி. இறங்கும். குழந்தைகள் பி.பி.யைக் கடைசிவரை இழுத்துப் பிடித்துவிட்டுத் திடீரென்று விட்டுவிடுவார்கள். ஆகவே பி.பி. மெஷினை நம்பி உட்காரக் கூடாது. பாரசிட்டமால் கொடுத்துச் சூடு இறங்கிய பிறகும் கை கால் சில்லென்று இருந்தால், நாடி தடதடவென்று ஓடினால், நகத்தையோ நெஞ்சையோ ஐந்து விநாடி அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் ஆனால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், மூச்சு வாங்கினால், எழுப்பினால் குழறிவிட்டு மறுபடி கண் செருகினால், அப்போது எந்த ஆஸ்பத்திரி என்று ஆலோசித்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, கிட்டத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இரவு பகலாகத் திறந்திருக்கிறது. பணம் கையில் இல்லை என்பதற்காக யாரும் வீட்டில் தங்க வேண்டாம்.

மாமியார் சொன்ன அம்மைக்கு வருகிறேன். அவரோடு சண்டை போடாதீர்கள். வாசலில் வேப்பிலை செருகுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் தட்டம்மை என்றால் மூக்கொழுகலும் இருமலும் கண்ணில் நீரும் முதலில் வரும். பிறகு காதின் பின்புறமும் முகத்திலும் தடிப்பு தொடங்கி மெதுவாகக் கீழே இறங்கும். சின்னம்மை என்றால் நீர் கோத்த கொப்புளம். நீங்கள் சொல்வதில் இரண்டும் இல்லை. அப்படியே தட்டம்மையாக இருந்தாலும் நுரையீரலைப் பார்த்து வைட்டமின் ஏ கொடுக்க டாக்டர் வேண்டும். "ஆத்தா வந்திருக்கா, தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் மருந்து கூடாது" என்று நாள் கடத்துவதில்தான் ஆபத்து.

இனி எங்களுக்கே தடுமாற்றம் தரும் பகுதி. சென்னையில் காய்ச்சலோடு தடிப்பும் வயிற்றுவலியும் என்றால் எம்ஐஎஸ்-சி, கவாசாகி இரண்டையும்விட அதிகம் பார்ப்பது டெங்குவை. குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில். டெங்குவிலும் பிளேட்லெட் இறங்கும், ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற புரதம் ஏறும், குழந்தை ஷாக்குக்கு, அதாவது ரத்த ஓட்டம் சரியும் நிலைக்குப் போகும். உடம்பில் வீக்கம் எவ்வளவு என்று காட்டும் சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனை அளவு பொதுவாக டெங்குவில் பெரிதாக ஏறாது, எம்ஐஎஸ்-சியிலும் கவாசாகியிலும் எகிறும். உதவியான அடையாளம்தான், ஆனால் சத்தியம் செய்ய முடியாது. ஸ்கிரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் இன்னும் குழப்பும். அதில் சிஆர்பியும் ஏறும், கல்லீரலும் வீங்கும், இதயமும் தளரலாம். ஆனால் டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுத்தால் இரண்டே நாளில் முகம் தெளியும். அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம், இடுப்பில் ஜட்டி எலாஸ்டிக் படும் இடம் என்று கருத்த பொருக்குத் தட்டிய சிறு புண்ணைத் தேட வேண்டும். வலிக்காது, ஆகவே குழந்தை சொல்லாது. புறநகரில் புதர் மண்டிய காலி மனைகளில் விளையாடும் பிள்ளைகளிடம் நான் இதைத் தேடாமல் விடுவதில்லை. டைஃபாய்டு இருக்கிறது. அடினோ வைரஸ் இருக்கிறது. கண் சிவந்து, ஒரு வாரம் கடுங்காய்ச்சல் அடித்து, சிஆர்பியையும் உயர்த்திவிட்டுத் தானாகப் போகும். ஆகவே முதல் நாளில் ஒரு பக்கம் ரத்த கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாடிக் தொடங்கி, மறுபக்கம் இதயத்தையும் பார்ப்போம். "இவர்களுக்கே என்னவென்று தெரியவில்லை, எல்லா மருந்தும் போடுகிறார்கள்" என்று தோன்றும். அந்த ஒரு நாள் அப்படித்தான் இருக்கும்.

என்னென்ன எடுப்பார்கள் என்றால், முழு ரத்த எண்ணிக்கை, சிஆர்பி, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள், சோடியம், ஃபெரிட்டின், டி-டைமர், டிரோபோனின், பிஎன்பி, ஈசிஜி, எக்கோ. எண்களைப் பார்த்து நீங்களே இரவெல்லாம் கூட்டிக் கழிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிஆர்பியைச் சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும் சில லேப்கள் டெசிலிட்டருக்கு என்றும் தருகின்றன. பத்து மடங்கு வித்தியாசம். நேற்று ஒரு லேபில் 90, இன்று இன்னொன்றில் 9 என்றால் குறைந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் அலகைப் பாருங்கள். பிளேட்லெட் எம்ஐஎஸ்-சியில் முதலில் இறங்கும். கவாசாகியில் இரண்டாம் வாரம் ஐந்து, ஆறு லட்சம் என்று ஏறும். எக்கோ முதல் நாள் நன்றாக இருந்தால் நல்லதுதான், ஆனால் அதை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. கொரோனா ஆன்டிபாடி சோதனைக்காக மெனக்கெடாதீர்கள் என்பது என் கருத்து. 2020-ல் அது துப்புக் கொடுத்தது. இன்று ஊரில் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பாசிட்டிவாக வரும். எப்போது வந்த தொற்று என்று அது சொல்லாது.

ஸ்டீராய்டு. முதலில் உங்கள் பயத்துக்கு மதிப்புக் கொடுக்கிறேன். காய்ச்சல் என்று போன இரண்டாம் நாளே, பெயர் சொல்லாமல் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அது தவறு. இரண்டு நாள் காய்ச்சல் மறைந்து, நோய் உள்ளே நடக்கும். டெங்குவில் அதனால் பயனில்லை. ரத்தப் புற்றுநோய் சில குழந்தைகளுக்கு வெறும் நீண்ட காய்ச்சலாகவும் கால் வலியாகவும்தான் தொடங்கும். அங்கே ஸ்டீராய்டு போட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையிலேயே அடையாளம் மங்கிவிடும். உங்கள் மகனுக்கு ஏற்கெனவே ஏதாவது ஊசி போட்டிருந்தால் அது என்ன என்று கிளினிக்கில் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் சோதித்து, மற்றவற்றை இயன்ற வரை விலக்கி, எம்ஐஎஸ்-சி என்று முடிவெடுத்துக் கொடுக்கும் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு வேறு கணக்கு. அங்கே அது காய்ச்சலை மறைப்பதற்காக அல்ல, இதயத்தைக் காப்பதற்காக. பெரும்பாலும் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். நிலைமை மோசமென்றால் அதைவிடப் பல மடங்கு, சில நாள் மட்டும். பிறகு மாத்திரையாக மாற்றி இரண்டு, மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். பசி அதிகமாகும், முகம் சற்று உப்பும், கோபம் வரும், சர்க்கரையும் பி.பி.யும் ஏறலாம். நிறுத்திய பின் இவை சரியாகும். வளர்ச்சி குன்றுவது மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களின் பிரச்சினை. நீங்களாக நடுவில் நிறுத்தினால்தான் சிக்கல்.

இன்னொரு மருந்து ஐவிஐஜி. ஆயிரக்கணக்கான நன்கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலின். கவாசாகிக்கு இதுதான் முதல் மருந்து. கிலோவுக்கு 2 கிராம், பத்து, பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். 20 கிலோ பையனுக்கு 40 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் எட்டு. ஒரு பாட்டிலே பல ஆயிரம் ரூபாய் என்பதால் செலவைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்க்கும்போதே கொடுத்துக் கேளுங்கள். இதயம் தளர்ந்திருந்தால் அவ்வளவு திரவத்தை ஒரே மூச்சில் ஏற்றாமல் இரண்டு நாளாகப் பிரிப்பதும் உண்டு. ஏற்றி முடித்து 36 மணி நேரத்துக்குப் பிறகும் காய்ச்சல் இருந்தால் மருந்து பிடிக்கவில்லை என்று பொருள். அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். எம்ஐஎஸ்-சிக்கு ஸ்டீராய்டு மட்டும் போதுமா, ஐவிஐஜியும் வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. சுவிட்சர்லாந்தில் குலுக்கல் முறையில் குழந்தைகளைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டும் மறு பிரிவுக்கு ஐவிஐஜியும் கொடுத்து ஒப்பிட்டபோது, ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஷாக்கோ இதயத் தளர்ச்சியோ இருந்தால் இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது என் நிலை. அவை இல்லாத, வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைக்கு ஸ்டீராய்டு மட்டும் தருவதை நான் குறைவான வைத்தியமாக நினைப்பதில்லை. கவாசாகியில் அந்தச் சலுகை கிடையாது.

அங்கு போய்ச் சேரும் வரை பாரசிட்டமால் மட்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். 20 கிலோவுக்கு 300. டெங்கு இல்லை என்று தெரியும்வரை மெஃபனமிக் ஆசிட், ஐபூபுரூஃபன் சிரப் எதுவும் வேண்டாம். ஆஸ்பிரினைக் காய்ச்சலுக்காக எந்தக் குழந்தைக்கும் வீட்டில் கொடுக்கக் கூடாது. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் அதே ஆஸ்பிரின் குறைந்த அளவில், ஆறு, எட்டு வாரத்துக்கு எழுதியிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க. அப்போது பயந்து நிறுத்திவிடாதீர்கள். அந்த நாட்களில் பக்கத்து வீட்டில் சின்னம்மையோ ஃபுளூவோ வந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பின் மறந்துபோகிற விஷயங்கள் சில. எக்கோவை ஓரிரு வாரத்திலும், மறுபடி நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள்ளும் எடுக்க வேண்டும். பிள்ளை சுறுசுறுப்பாக ஓடுகிறான் என்று பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். ஐவிஐஜி ஏற்றியிருந்தால் எம்எம்ஆர், சின்னம்மைத் தடுப்பூசிகளைப் பதினொரு மாதம் தள்ளிப்போட வேண்டும், போட்டாலும் பிடிக்காது. இதயத் தசை பாதித்திருந்தால் பி.டி. வகுப்பு, நீச்சல், கிரிக்கெட் கோச்சிங் எல்லாம் மூன்று முதல் ஆறு மாதம் கழித்து, இதய மருத்துவர் சொன்ன பிறகுதான். எம்ஐஎஸ்-சி வந்த பெரும்பாலான குழந்தைகளின் இதயம் சில வாரங்களிலேயே பழைய வலுவுக்கு வந்துவிடுகிறது என்பதை நம்பிக்கையோடு சொல்லலாம். ஏன் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அதே வைரஸ் வந்து போக, சிலருக்கு மட்டும் இப்படி ஆகிறது என்பதற்கு இன்னும் தெளிவான விடை இல்லை. நீங்கள் கொடுத்த சாப்பாட்டாலோ, போடாத மருந்தாலோ, சீக்கிரம் பள்ளிக்கு அனுப்பியதாலோ அல்ல.

கடைசியாக, இரண்டு வயதுத் தங்கையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். எம்ஐஎஸ்-சியும் கவாசாகியும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. ஆனால் தட்டம்மை ஒட்டும், அடினோவும் ஒட்டும். ஆகவே அண்ணனை டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை ஒரே தட்டு, ஒரே படுக்கை வேண்டாம், அவ்வளவுதான். அவளுக்கு ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் போட வேண்டிய தட்டம்மை ஊசிகள் போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். மகனின் அட்டையையும் சேர்த்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கேட்பார்கள்.